"தம்பி, படம் திறக்கலயே": கைப்பேசிப் படங்களை எங்கேயும் திறக்கும்படி மாற்றுவது, கோளாறு வாரியாக

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம், ஒரு போட்டோஸ்டேட் கடையில் உட்கார்ந்திருக்கிறவன் நான். ஐசி (அடையாள அட்டை) நகல், பாஸ்போர்ட் படம், கல்யாணக் கார்டு, கருமகாரியத்துக்குப் பெரிதாக்கிய படம், தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் போடுகிறவர்களின் பேனர் என்று எல்லாம் இங்கே வரும். கூடவே வாரத்துக்கு நாலைந்து தடவை ஒரே புகாரும் வரும். "தம்பி, என் போன்ல நல்லாத்தான் தெரியுது, உங்க கம்ப்யூட்டர்ல திறக்கலயே, படம் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. ஐபோன் 7-உம் அதற்குப் பிறகு வந்தவையும் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து படங்களை ஜேபெக்காக எடுப்பதில்லை, எச்.இ.ஐ.சி என்ற வடிவத்தில் எடுக்கின்றன. கடையில் நாங்கள் சொல்வது ஹெய்க். ஜேபெக் 1992-இல் வந்த பழைய ஆள், அதைத் திறக்காத சாதனம் கிடையாது. ஹெய்க் ஒரு பெட்டி மாதிரி, உள்ளே இருக்கும் படம் எச்.265 என்ற வீடியோ முறையில் சுருக்கப்பட்டிருக்கும், அதனால் ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும். ஆனால் அந்த முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளாததற்கு அது ஒரு பெரிய காரணம். சஃபாரி உலாவி 2023-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து ஹெய்க் படத்தைக் காட்டுகிறது, குரோமில் போட்டால் காட்டாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே படம், போனை விட்டு எந்த வாசல் வழியாக வெளியே வந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு ஆளாக வந்து சேரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சின்ன ஜேபெக். அதே வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் ஹெய்க். இமெயிலில் பெரும்பாலும் ஜேபெக். கேபிளில் எடுத்தால் போனுக்குள் ஒரு பொத்தான் எப்படி இருக்கிறதோ அப்படி. அதனால் யாராவது போனை நீட்டினால் நான் முதலில் கேட்பது "என்ன போன்" என்று இல்லை, "எப்படி அனுப்பினீங்க" என்றுதான். பாதி நேரம் மாற்றும் மென்பொருளே தேவைப்படாது, வாசலை மாற்றினால் போதும்.

கீழே உள்ளவற்றில் உங்கள் கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போங்கள், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம்.

"விண்டோஸ்ல திறந்தா வெறும் ஐகான்தான் வருது"

விண்டோஸ் 10-உம் 11-உம் ஹெய்க் படத்தைத் திறக்கும், ஆனால் இரண்டு துணைப் பொருள்கள் வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் "ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்று ஒன்று இருக்கிறது, அது இலவசம், புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே இருக்கவும் கூடும். அதைப் போட்டும் படம் வராமல் "எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன் தேவை" என்று ஒரு வரி வந்தால் பயப்பட வேண்டாம், முன்னால் சொன்ன எச்.265 இதுதான். பெட்டியைத் திறக்கும் சாவி முதலாவது, உள்ளே இருப்பதைப் படிக்கும் கண்ணாடி இரண்டாவது. இந்த இரண்டாவதை ஸ்டோரில் காசு கொடுத்து வாங்க வேண்டும், 0.99 அமெரிக்க டாலர், அதாவது சில ரிங்கிட், ஒரு தே தாரிக் ரொட்டிச் சானாய் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஐபோன் படம் வரும் கடை, அலுவலகம் என்றால் தயங்காமல் வாங்கிவிடலாம். இரண்டும் ஏறிவிட்டால் அப்புறம் பெயின்டிலேயே திறந்து "சேவ் ஆஸ்" போய் ஜேபெக் என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

அலுவலகக் கம்ப்யூட்டரில் ஸ்டோரைப் பூட்டி வைத்திருப்பார்கள். அங்கே மல்லுக்கட்டாதீர்கள், போனிலிருந்தே ஜேபெக்காக அனுப்பச் சொல்லுங்கள். சொந்த மடிக்கணினி என்றால் ஜிம்ப், எக்ஸ்என்கன்வர்ட் மாதிரியான மென்பொருள்கள் விண்டோஸின் தயவு இல்லாமலே ஹெய்க்கைப் படிக்கும். இரண்டும் வீட்டு உபயோகத்துக்குக் காசில்லை. நூறு இருநூறு படம் என்றால் எக்ஸ்என்கன்வர்ட்தான் வசதி, மொத்தமாக இழுத்துப் போட்டு, தரம் 90 என்று வைத்து, வேறு ஃபோல்டரில் இறக்கச் சொல்லிவிட்டுப் போய் மீ கோரெங் சாப்பிட்டு வரலாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. படத்தின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, "குயிக் ஆக்‌ஷன்ஸ்", அதற்குள் "கன்வர்ட் இமேஜ்". சரி, அடுத்தது.

"பெயரை ஜேபிஜின்னு மாத்திட்டேன், இன்னும் திறக்கல"

ஒரு அக்கா 40 படத்துக்கும் உட்கார்ந்து பெயர் மாற்றிக்கொண்டு வந்தார், பாவம். அரிசி மூட்டையின்மேல் சீனி என்று எழுதி ஒட்டினால் பாயாசம் இனிக்குமா? பெயரின் வால், அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள், வெறும் ஒட்டுத்தாள். ஃபைலுக்குள் முதல் சில எழுத்துகளிலேயே நான் இன்ன வகை என்று எழுதியிருக்கும், நல்ல மென்பொருள் பார்ப்பது அதைத்தான். இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறந்தால் "இதன் வால் தவறு, மாற்றட்டுமா" என்று அதுவே கேட்கும்.

இதிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் பழக்கமாக வாலை மறைத்து வைக்கும். நீங்கள் பெயரை மாற்றியதாக நினைத்தது உண்மையில் பெயருக்குள் இன்னொரு வாலைச் சேர்த்ததுதான், அசல் ஹெய்க் வால் பின்னால் அப்படியே ஒளிந்திருக்கும். விண்டோஸ் 11-இல் ஃபோல்டரின் மேலே "வியூ", "ஷோ", "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்று போய் ஒருமுறை டிக் போட்டு வையுங்கள். படம் மாற்றும் வேலைக்கு மட்டுமல்ல, படம் மாதிரி வேஷம் போட்டு வரும் வைரஸ் ஃபைல்களைக் கண்டுபிடிக்கவும் இது உதவும்.

பழைய பெயருக்கே திருப்பி வைத்தால் படம் ஒன்றும் ஆகியிருக்காது. அப்புறம் முறையாக மாற்றுங்கள்.

"கேபிள் போட்டுக் காப்பி பண்ணினா பாதியில நின்னுடுது"

இதுதான் என் நேரத்தை அதிகம் தின்பது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு எடுத்த 600 படத்தை விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு இழுப்பீர்கள். முதல் 30 வரும். அப்புறம் இணைத்த சாதனம் இயங்கவில்லை என்றோ, சாதனத்தை எட்ட முடியவில்லை என்றோ ஒரு ஆங்கில வரி வந்து நின்றுவிடும். கேபிள் பழசு என்று நினைத்து கோம்தாருக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வருகிறவர்கள் உண்டு. கேபிளும் சில நேரம் காரணமாக இருக்கும்தான், ஆனால் முதலில் போனுக்குள் பாருங்கள்: செட்டிங்ஸ், அதில் ஃபோட்டோஸ் (ஐஓஎஸ் 18 முதல் இது ஆப்ஸ் என்ற தலைப்புக்குள் போய்விட்டது), அடியில் இறங்கினால் "டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி" என்று இருக்கும். அங்கே "ஆட்டோமேட்டிக்" இருந்தால் "கீப் ஒரிஜினல்ஸ்" என்று மாற்றுங்கள். கேபிளைக் கழற்றி மறுபடி போடுங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு சரியாகிவிடுகிறது.

ஏன் என்றால், ஆட்டோமேட்டிக்கில் இருக்கும்போது போன் ஒவ்வொரு படத்தையும் நீங்கள் கேட்கும் அந்த நொடியில் ஜேபெக்காகச் சமைத்துத் தட்டில் வைக்கிறது. இரண்டு மூன்று படத்துக்குப் பரவாயில்லை. 600 பேருக்கு ஆளுக்கொரு தோசையாகச் சுட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்காவது ஒன்று தாமதமாகும், கம்ப்யூட்டர் பொறுமை இழந்து கடையைச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்துக் கிளம்பிவிடும். கீப் ஒரிஜினல்ஸ் என்றால் சமையல் இல்லை, இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கும், அது ஹெய்க்காகத்தான் வரும். பிறகு கம்ப்யூட்டரில் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக்கை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால் 20, 30 படமாகப் பிரித்து எடுங்கள்.

அப்படியும் சில படங்கள் வரவில்லையா, அல்லது போனில் 3,000 படம் தெரிய, கம்ப்யூட்டரில் 400 மட்டும் தெரிகிறதா? அப்போது ஐகிளவுட், அதாவது ஆப்பிளின் இணையச் சேமிப்பு, பக்கம் பாருங்கள். "ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்" என்பது போட்டிருந்தால் உங்கள் போனில் இருப்பது சின்ன மாதிரிப் படம்தான், அசல் மேலே சேவையகத்தில் இருக்கிறது. இல்லாததைக் கேபிள் எப்படிக் கொண்டுவரும். உலாவியில் ஐகிளவுட் தளத்துக்குள் போய்ப் படங்களைத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். இறக்கும்போதே அசல் வேண்டுமா, "மோஸ்ட் கம்பேட்டிபிள்" வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க அங்கே வழி இருக்கிறது. இரண்டாவதைச் சொன்னால் ஜேபெக்காகவே வந்துவிடும், மாற்றும் வேலை மிச்சம்.

கூகுள் ஃபோட்டோஸில் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கினால் ஏற்றிய அசல் ஹெய்க்தான் வரும்.

கேபிள் போட்டவுடன் போன் திரையில் "டிரஸ்ட்" என்று கேட்பதைக் கவனிக்காமல் பையில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஃபோல்டர் காலியாக இருக்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். திரையைத் திறந்து வையுங்கள், டிரஸ்ட் அழுத்துங்கள்.

"ஒரு படத்துக்கு ரெண்டு மூணு ஃபைல் வருது, வெட்டின படம் வெட்டாம வருது"

மேலே சொன்ன கீப் ஒரிஜினல்ஸ் போட்டவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி. மூன்று சரக்கு கலந்திருக்கும். ஹெய்க் என்பது படம். அதே எண்ணில் எம்ஓவி என்று இருந்தால் அது லைவ் ஃபோட்டோவின் சில நொடி அசைவு, அச்சுக்கு அது தேவையில்லை. ஏஏஇ என்று இருந்தால் அது படமே இல்லை, நீங்கள் போனில் செய்த வெட்டல், வண்ணத் திருத்தம் பற்றிய குறிப்புச் சீட்டு. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

அதனால் அசலை எடுத்து மாற்றினால் நீங்கள் வெட்டித் தூக்கிய பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி படத்துக்குள் வந்து நிற்பார். திருத்திய படத்துக்குத் தனி ஃபைல் இருக்கிறதா பாருங்கள். ஐஎம்ஜி, அடிக்கோடு, அதற்கு அடுத்து ஈ என்ற எழுத்து, பிறகு எண் என்று பெயர் இருந்தால் அதுதான் திருத்தியது. ஈ இல்லாதது அசல். அச்சடிக்க ஈ உள்ளதைக் கொடுங்கள், அசலைப் பத்திரமாக வையுங்கள்.

"படிவத்துல ஏத்த முடியல"

வேலைக்கு, படிப்புக்கு, பாஸ்போர்ட்டுக்கு, ஏதோ ஒரு உதவித்தொகைக்கு என்று ஆன்லைன் படிவம் நிரப்பும் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து நிற்பார்கள். அதுவும் கடைசி நாள் ராத்திரிதான் நிற்பார்கள். "இன்வேலிட்" என்று சிவப்பில் வந்தால் காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது, வடிவம். ஐபோனின் உலாவியிலிருந்தே ஏற்றுகிறீர்கள் என்றால் "ஃபோட்டோ லைப்ரரி" வழியாகப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். படிவம் ஜேபெக் கேட்டால் போன் பெரும்பாலும் சத்தம் போடாமல் மாற்றிக் கொடுத்துவிடும். "சூஸ் ஃபைல்" என்று ஃபைல்ஸ் பக்கம் போய் எடுத்தால் அங்கே இருப்பது ஹெய்க்காக இருந்தால் ஹெய்க்காகவே போகும். வாசல் விஷயம்தான் மறுபடியும்.

இரண்டாவது, அளவு. 2 எம்பி-க்குள் என்று படிவத்தின் கீழே பொடி எழுத்தில் இருக்கும், உங்கள் படம் ஜேபெக் ஆனதும் 4 எம்பி ஆகியிருக்கும். ஹெய்க்காக இருந்தபோது சின்னதாக இருந்ததே என்று கேட்காதீர்கள், அதுதான் பழைய முறைக்குக் கொடுக்கும் விலை. ஐஓஎஸ் 16-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் இரண்டு காரியத்தையும் ஒரே அடியில் முடிக்கலாம்: படத்தை "சேவ் டு ஃபைல்ஸ்" செய்து, ஃபைல்ஸ் ஆப்பில் அந்தப் படத்தை அழுத்திப் பிடியுங்கள், "குயிக் ஆக்‌ஷன்ஸ்", "கன்வர்ட் இமேஜ்", ஜேபெக். அடுத்து சின்னது, நடுத்தரம், பெரிது, உள்ளபடியே என்று நான்கு அளவு கேட்கும். ஐசி, சான்றிதழ் நகலுக்குப் பெரிது அல்லது நடுத்தரம் போதும், எழுத்து படிக்க வருகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். புதிதாக உண்டானதைத்தான் ஏற்ற வேண்டும், பழையதும் பக்கத்திலேயே இருக்கும், அவசரத்தில் மாறிப்போகும்.

மூன்றாவது கொஞ்சம் விநோதமானது. சில படிவங்கள் மூன்றெழுத்து வாலான ஜேபிஜியை ஏற்கும், நான்கெழுத்து ஜேபிஇஜியை ஏற்காது. இரண்டும் ஒரே சரக்குதான். இந்த ஒரு இடத்தில் மட்டும் பெயரின் வாலைத் திருத்துவது நியாயமான வைத்தியம், மேலே நான் திட்டியதை இங்கே வாபஸ் வாங்குகிறேன்.

படிவம் பிடிஎஃப்தான் கேட்கிறது என்றால் ஜேபெக் பக்கமே போக வேண்டாம். அதே குயிக் ஆக்‌ஷன்ஸில் "கிரியேட் பிடிஎஃப்" இருக்கிறது. இல்லாவிட்டால் நோட்ஸ் ஆப்பில் ஸ்கேன் செய்யுங்கள், மூலைகளை நேராக்கிக் கொடுக்கும், மேசைத்துணிப் பூவும் வராது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. ஐசி படிக்க வந்தால் சரி, அவசரத்துக்குப் பாவம் இல்லை. ஆனால் அது திரையின் அளவுக்குச் சுருங்கிய படம், அதை அச்சுக்குக் கொண்டுவராதீர்கள். பாஸ்போர்ட் படத்துக்குத் தொடவே வேண்டாம், அது 35க்கு 50 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, முகம் தெளிவாக வேண்டும்.

"பேனர் அடிச்சா மங்கலா வருது"

கைப்பேசிப் படம் 12 மெகாபிக்சல் என்றால் 4032க்கு 3024 புள்ளிகள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருங்கி, அதற்குமேல் நசுங்கியும் வரும். 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவுக்கு அச்சடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஏ3 தாளின் நீளம் பதினாறரை அங்குலம், அங்குலத்துக்கு நூறு புள்ளிகூட வராது, நல்ல அச்சுக்கு 300 வேண்டும். அசல் படமே ஏ3-க்கு அங்குலத்துக்கு 245 புள்ளி அளவில்தான் நிற்கும், அதில் சுருங்கியதைக் கொண்டுவந்தால் நான் என்ன செய்ய.

பெரிய அச்சுக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்ப வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எச்டி பொத்தான் 2023-இலிருந்து இருக்கிறது, அது பரவாயில்லை, ஆனால் அதுவும் அசல் இல்லை. டாக்குமென்ட்டாக வந்தால் ஹெய்க்காக வரும், மாற்றிக்கொள்வது எங்கள் வேலை. போன மாதம் ஒரு அண்ணன், தன் அப்பாவின் படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று கொண்டுவந்தார். குடும்பக் குழுவில் ஒருவர் அனுப்பி, இன்னொருவர் முன்னனுப்பி, யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திருப்பிப் போட்டது. "அண்ணே, முதல்ல எடுத்தது யார் போன்?" என்று கேட்டேன். சிரம்பானில் இருக்கும் தங்கை. பத்து நிமிடத்தில் அசல் டாக்குமென்ட்டாக வந்தது, சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப்கூடத் தெரிந்தது.

மங்கிய படத்தைத் திருப்பி ஜேபெக்கிலிருந்து பிஎன்ஜி ஆக்கினால் தெளிவாகும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. ஆகாது. ஃபைல் மட்டும் வீங்கும். 12 மெகாபிக்சல் படம் பிஎன்ஜியில் 15, 20 எம்பி-க்குப் போய்விடும், ஹெய்க்கில் அது 2 எம்பி. பிஎன்ஜி சின்னம், லோகோ, எழுத்து உள்ள படம், பின்னணி இல்லாத படம் இவற்றுக்குத்தான். ஆள் படத்துக்கு ஜேபெக் போதும்.

"மாத்தினதுக்கு அப்புறம் கலர் வெளுத்துப்போச்சு"

காவடியில் மயில்தோகையும் செவ்வந்தி மாலையும் போனில் அப்படி மின்னும். மாற்றி அச்சுக்குப் போட்டால் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கும். இதில் இரண்டு வேறு நோய்கள் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, வண்ண வரம்பு. ஐபோன் 7-இலிருந்து படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான வண்ண வரம்பில் எடுக்கப்படுகின்றன. சாதாரணக் கம்ப்யூட்டர்களும் பல அச்சு இயந்திரங்களும் எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபி என்ற சின்ன வரம்பு. "நான் பி3" என்று படத்துக்குள் ஒரு சீட்டு இருக்கும். மட்டமான மாற்றிகள் அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு எண்களை மட்டும் அப்படியே கொடுத்துவிடும், எதிர்ப்பக்கம் அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து வாசிக்கும்போது சிவப்பும் பச்சையும் சோர்ந்துபோகும். சீட்டை வைத்திருக்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள், அல்லது முறையாக எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பில் "கன்வர்ட் டு புரொஃபைல்" தான் சரி, "அசைன் புரொஃபைல்" போட்டால் அதே நோயை நீங்களே உண்டாக்குகிறீர்கள். முதலாவது எண்களைக் கணக்குப் போட்டு மாற்றும், இரண்டாவது சீட்டை மட்டும் மாற்றி ஒட்டும். பெயரை மாற்றின அக்காவின் கதைதான்.

இரண்டாவது நோய் எச்டிஆர். ஐபோன் 12 முதல் திரையில் படத்தைப் பார்க்கும்போது விளக்கு, வெயில், தீபம் இருக்கிற இடங்களைத் திரை தனியாகப் பிரகாசமாக்கிக் காட்டும். அதற்கான தகவல் ஹெய்க்குக்குள் ஒரு தனி அடுக்காக இருக்கும். சாதாரண ஜேபெக் ஆக்கும்போது அந்த அடுக்கு பொதுவாகப் போய்விடும், தாளில் அச்சடித்தால் எப்படியும் போய்விடும், தாளுக்கு விளக்கு கிடையாதே. மற்றவர்களுக்குப் படம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டிப் பார்க்க, செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பக்கம் "வியூ ஃபுல் எச்டிஆர்" என்பதை அணைத்துவிட்டுப் பாருங்கள். அதுதான் உண்மையான படம். அப்புறம் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றித் திருத்திவிட்டுக் கொண்டுவாருங்கள். கடைக்காரனைத் திட்டுவது அதற்குப் பிறகு.

"படம் படுத்துக்கிட்டு வருது"

போன் எந்தப் பக்கமாகப் பிடிக்கப்பட்டது என்பது படத்துக்குள் ஒரு குறிப்பாக இருக்கும். ஹெய்க்கில் பெட்டியிலும் இருக்கும், உள்ளே எக்ஸிஃப் என்ற குறிப்புத் தகவலிலும் இருக்கும். மாற்றும் மென்பொருள் அதைக் கவனிக்காவிட்டால் படம் படுத்துக்கொள்ளும், படத்தைத் திருப்பிவிட்டு எக்ஸிஃப் குறிப்பைத் திருத்த மறந்தால் இரண்டு தடவை திரும்பும். ஓரிரு படம் என்றால் கம்ப்யூட்டரில் திருப்பிச் சேமித்துவிடுங்கள். 200 படமும் படுத்திருந்தால் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டாம், அசலிலிருந்து வேறு மென்பொருளில் மறுபடி மாற்றுங்கள். இதற்காகத்தான் மாற்றிய கையோடு அசலை அழிக்காதீர்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன்.

மேசையில் ஐசியை வைத்து மேலிருந்து நேராக எடுத்த படம் படுத்திருந்தால் மாற்றியைக் குறை சொல்லாதீர்கள். போன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எது மேல், எது கீழ் என்று அதற்கே தெரியாது.

"வரிசை மாறிப்போச்சு"

மாற்றிய ஃபைல்களின் தேதி இன்றைய தேதியாகிவிடும், தாலி கட்டுவதற்கு முன்பே பந்தி வந்துவிடும். விண்டோஸில் "டேட் டேக்கன்" என்ற பத்தியைக் கொண்டுவந்து அதன்படி அடுக்குங்கள், எடுத்த நேரம் படத்துக்குள் இருந்தால் சரியாகிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் அந்தத் தகவல் இருக்காது. அவற்றைக் கையால்தான் அடுக்க வேண்டும்.

"என்னோடது சாம்சங், எனக்கும் இதே பிரச்சினை"

ஆண்ட்ராய்டு 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து இந்த வகைப் படங்களைப் படிக்கும், பிறகு வந்த பல போன்கள் எடுக்கவும் செய்யும். ஆனால் பெரும்பாலும் நீங்களோ வீட்டுப் பிள்ளைகளோ இடம் மிச்சம் பிடிக்கக் கேமரா அமைப்பில் "ஹை எஃபிஷியன்சி" என்பதைப் போட்டிருப்பீர்கள். அதை அணைத்தால் இனி எடுப்பது ஜேபெக்.

ஐபோனிலும் இதே பொத்தான் உண்டு: செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், "மோஸ்ட் கம்பேட்டிபிள்". ஏற்கெனவே எடுத்தவற்றை இது தொடாது. எல்லோரும் இதைப் போட்டுவிடுங்கள் என்று சொல்லும் கட்சி நான் இல்லை. மாதம் பத்துப் படிவம் அனுப்புகிற ஆசிரியை, வீட்டு முகவர் என்றால் போடுங்கள், நிம்மதி. பேரப்பிள்ளைகளை நாள் முழுக்கப் படம் எடுத்து 64 ஜிபி-யைத் திணற வைக்கும் ஆச்சி என்றால் ஹெய்க்கிலேயே விடுங்கள், அனுப்பும்போது மட்டும் மாற்றினால் போதும்.

"ஆன்லைன்ல இலவசமா மாத்தித் தர்ற தளம் இருக்கே"

இருக்கிறது. பூ, சாப்பாடு, கோயில் கோபுரம் என்றால் தாராளமாக. ஐசி, பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, குழந்தையின் படம் என்றால் வேண்டாம். அது உங்கள் படத்தை யாருடைய கம்ப்யூட்டருக்கோ ஏற்றித்தான் மாற்றுகிறது, அங்கே எத்தனை நாள் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. மேலே சொன்ன ஃபைல்ஸ் ஆப் வழி போனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறதே. படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கும், ஐபோனில் பகிரும்போது மேலே "ஆப்ஷன்ஸ்" தொட்டு "லொகேஷன்" என்பதை அணைத்துவிட்டு அனுப்பலாம்.

கடைக்காரனான என்னையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐசி நகலின்மேல் குறுக்காகக் கோடு போட்டு எந்தக் காரியத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். அச்சடித்து முடிந்ததும் "தம்பி, என் ஐசி படத்தை அழிச்சிடு" என்று சொல்லி, நான் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யும்வரை கல்லாவுக்கு முன்னாலேயே நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கடை எண்ணில் அந்த உரையாடலையும் அழிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.